மியோசா ஏரியில் ஒரு றிங்

யோகலிங்கத்துக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரம் மண்டபமே எழுந்து நின்று அறுகரிசி போடும்போது, அவர் வெளியே கார் நிறுத்துமிடத்தில் யாருடைய டயரிலோ காற்றுக் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்துக்கொண்டு நிற்பார். செத்த வீட்டிலும் அப்படித்தான். ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் அவருடைய வரிசை வீட்டில் ஒரு நல்ல சோபா இருக்கிறது. வாங்கிப் பதினொரு வருடமாகியும் அவர் இருக்கிற பக்கத்துப் பஞ்சு அமுங்கவில்லை என்று மனைவி சத்தியபாமா வருகிறவர்களுக்கெல்லாம் அழுத்திக் காட்டுவார்.

1986 இல் நோர்வேக்கு வந்தவர், முதலில் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் நின்ற நிலையில் மூன்று வருடம் மீன் வெட்டினார். பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கிப் பதினைந்து வருடம் பார்சல் வான் ஓட்டினார். ஓடுவது, குதித்து இறங்குவது, நாலு மாடி ஏறுவது, கையெழுத்து வாங்குவது, மறுபடி ஓடுவது. அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அந்த வேலை அவருக்குப் பொருந்தியிருந்தது.

அப்படிப்பட்ட மனிதரைப் பிடித்துக் கதிரையில் கட்டிப்போட வேண்டுமென்று யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. சீனி வருத்தம் முற்றி 2004 இல் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அதன் பிறகு திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், இடது கையில் இரண்டு ஊசி ஏற்றி, நாலு மணித்தியாலம் அசையாமல் கிடக்க வேண்டும். இரத்தம் முழுக்க வெளியே போய்க் கழுவப்பட்டு வரும். அதற்காக அந்தக் கையில் இரத்தக் குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். காதை வைத்துக் கேட்டால் போத்தலுக்குள் வண்டு அடைபட்ட மாதிரி இரையும். பாரம் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது, அந்தக் கையில் தலை வைத்துப் படுக்கவும் கூடாது. தண்ணீரும் ஒரு நாளைக்கு இத்தனை கோப்பை என்று அளந்துதான் குடிக்க வேண்டும். யோகலிங்கம் முதல் மாதத்தில் மூன்று தடவை எழும்ப எத்தனித்துத் தாதிமாரிடம் ஏச்சு வாங்கினார்.

இதிலிருந்து விடுபட ஒரே வழி யாராவது ஒரு சிறுநீரகம் தருவதுதான். சத்தியபாமா முதல் ஆளாகக் கை தூக்கினார். அவருக்கும் சீனி என்று வைத்தியர்கள் வேண்டாம் என்றார்கள். ஸ்தவாங்கரில் படித்துக்கொண்டிருந்த ஒரே மகள் கஜேந்தினி, "அப்பா, நான் தாறன்" என்று தொலைபேசியில் சொன்னாள். "இந்தக் கதையை இனி எடுத்தியெண்டால் நான் உன்னோடை கதைக்கவேமாட்டன்" என்று யோகலிங்கம் சொல்லிவிட்டார். வாழப்போகிற பிள்ளையின் உடம்பில் கத்தி வைப்பதா? ஆகவே, இறந்துபோகிற யாரோ ஒருவரின் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் அவர் பெயரைப் போட்டார்கள். வைத்தியர் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார். எந்த நேரமும் தொலைபேசியில் கிடைக்க வேண்டும். அழைப்பு வந்தால் உடனே பதில் சொல்ல வேண்டும், கிடைக்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கே ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் கைத்தொலைபேசியைப் போட்டுக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டார். குளிக்கும்போதும் அது கழுத்தில் இருந்தது. கோயிலில் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுச் சாமி கும்பிடும்போதும் இருந்தது. ஐயர் ஒரு தரம் அதைப் பெரிய சைஸ் தாயத்து என்று நினைத்து, எந்தக் கோயில் என்று விசாரித்தார். யோகலிங்கம் சிரிக்கவில்லை. இலக்கம் தெரியாத அழைப்பு வந்தால் போதும், துள்ளி எழும்பிவிடுவார். எடுத்துப் பார்த்தால் யாரோ கலைவிழாவுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்.

தொலைபேசியைப் பற்றி அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது. அவர் வடக்கே மீன் வெட்டிய காலத்தில் சத்தியபாமா தெற்கே ஓர் ஊரில் மொழி படித்துக்கொண்டிருந்தார். தொழிலாளர் விடுதியில் நாற்பது பேருக்கு நடையில் ஒரே ஒரு தொலைபேசி. யாரும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. ஆகவே பின்னேரம் ஆறு மணிக்கு ஒரே ஒரு றிங் அடித்துவிட்டு வைப்பார். சத்தியபாமா திருப்பி ஒரு றிங் அடிப்பார். நான் சுகம், நீரும் சுகம், அவ்வளவுதான். ஒஸ்லோவில் ஒரே வீட்டுக்குள் வந்தபிறகும், ஆளுக்கொரு கைத்தொலைபேசி வந்தபிறகும் அது நிற்கவில்லை. சத்தியபாமா லில்லெஸ்ட்ரோமில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. ரயில் இறங்கி உள்ளே போனதும் ஒரு றிங். தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு றிங். வெளிக்கிடும்போது ஒரு றிங். எடுக்கக்கூடாது, திருப்பிக் கூப்பிடவும் கூடாது. இருபது வருடமாக இரண்டு பேரும் பகல் வேளையில் தொலைபேசியில் கதைத்ததே கிடையாது என்றால் நம்புவீர்களா?

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கதிரையில் கிடந்தவன் தூர்ஸ்தைன். நாற்பத்துமூன்று வயது, லில்லெஸ்ட்ரோம்காரன், ரயில் பாதைகளில் மின்கம்பி பொருத்துகிற வேலை செய்தவன். யோகலிங்கத்தைவிடப் பத்து வயது இளையவன், ஆனால் படி ஏறினால் அவனுக்குத்தான் மூச்சு வாங்கும். இரண்டு பேருக்கும் ஒரே இரத்த வகை. "ஒரே வரிசையில் நிற்கிறோம், எனக்கு முன்னால் நீ போனால் உன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவேன்" என்று அவன் பகிடி விடுவான். மியோசா ஏரியின் தென் கரையில், மின்னெசுண்ட் என்ற இடத்தில், அவனுடைய படகு இரண்டாவது வருடமாகச் சும்மா கிடந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அவன் பகிடி விடுவதில்லை.

"மீன்பிடிக்கப் பொறுமை வேண்டும். எனக்கும் அதுக்கும் ஒத்துவராது" என்றார் யோகலிங்கம்.

"கரையில் குந்தியிருந்து தூண்டில் போடுகிறவனைத்தானே சொல்கிறாய்? இது ட்ரோலிங். படகு நிற்கவே நிற்காது. காலையில் தொடங்கினால் பின்னேரம்வரை ஓடிக்கொண்டே இருக்கும். தூண்டில்கள் பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும். நின்றால் எல்லாம் தாழ்ந்து சிக்குப்பட்டுவிடும்."

நிற்கக்கூடாத ஒரு தொழில்! யோகலிங்கம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

அதன் பிறகு இரண்டு மாதம், கதிரைக்குக் கதிரை பாடம் நடந்தது. ஆறு தூண்டில் கோல். நாலு கோலின் தங்கூசி நூலைச் சிறிய பலகைகளில் கொளுவி விட்டால், அந்தப் பலகைகள் படகுக்கு இரு பக்கமும் தள்ளித் தள்ளி நீந்திக்கொண்டு வரும். மீனுக்குப் படகின் நிழல் படாது. நுனியில் மினுங்குகிற தகட்டு மீன்கள். வேகம் மணிக்கு நாலு கிலோமீற்றர், ஊன்றுதடியோடு ஒருவர் நடக்கிற வேகம். சால்மன் வேண்டுமானால் சுவீடனுக்குப் போக வேண்டும், அங்கே வெனர்ன் ஏரியில் இருக்கிறது. மியோசாவில் ட்ரௌட் மீன்தான், ஆனால் ஆறு கிலோ, எட்டுக் கிலோ என்று வரும். கடைசியாகத் தூர்ஸ்தைன் இரண்டு சட்டம் சொன்னான். ஒன்று, தூண்டிலை விட்டால் அரை மணித்தியாலம் தொடாதே, இழுத்து இழுத்துப் பார்க்காதே. மற்றது, மேற்குக் கரையில் செங்குத்தான மலைக்குக் கீழே போகாதே. மீன் இருக்கும், ஆனால் அங்கே தொலைபேசி வேலை செய்யாது.

அந்த வசந்தத்தில் படகின் திறப்பு யோகலிங்கத்தின் கைக்கு வந்தது. இடது கையால் எதையும் இழுக்க முடியாத படியால் ஒரு துணை வேண்டியிருந்தது. பழைய வான் சாரதி பாலேந்திரன், இப்போது டாக்சி ஓட்டுகிறவன், அகப்பட்டான். அவனுக்குத் தண்ணீர் என்றால் பயம். உயிர்காப்பு அங்கியை மோர்டென்ஸ்ருட்டிலேயே போட்டுக்கொண்டு, எழுபது கிலோமீற்றர் காருக்குள் அதோடேயே வருவான். ஆனால் எஞ்சின் என்று ஒன்று இருந்தால் அதை ஓட்டிவிடுவான். போன முதல் நாளே, இறங்குதுறையில் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு நோர்வேக்காரரிடம், "நிறைய மீன் கிடைக்கட்டும்" என்று வாழ்த்தினான். அந்த மனிதரின் முகம் கறுத்துப்போயிற்று. அங்கே மீனுக்குப் போகிறவனை நாறல் மீன்பிடி அமையட்டும் என்றுதான் வாழ்த்த வேண்டும். நல்லது சொன்னால் துரதிர்ஷ்டம். "எங்கை போறாய் எண்டு கேட்டால் போற காரியம் பிழைக்கும் எண்டு எங்கடை சனம் சொல்லுறேல்லையே, அதுமாதிரித்தான்" என்று யோகலிங்கம் விளக்கினார்.

நாலு தடவை போனார்கள். நாலு தடவையும் ஒன்றும் படவில்லை. காரணம் யாருக்கும் தெரியும். யோகலிங்கத்தால் அரை மணித்தியாலம் கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஏதாவது ஒரு கோலைச் சுற்றி இழுப்பார், தகட்டைப் பார்ப்பார், வேறு தகடு மாட்டுவார்.

ஐந்தாவது தடவை 2006 மே இருபதாம் திகதி, சனிக்கிழமை. தேசிய தினம் முடிந்து மூன்று நாள். வழியெல்லாம் பல்கனிகளில் இன்னும் கொடி தொங்கியது. முதல் நாள் தூர்ஸ்தைன் கதிரையிலிருந்து, "நாறல் மீன்பிடி!" என்று வாழ்த்தியிருந்தான். காலையில் சத்தியபாமா வேலைக்குப் புறப்பட்டபோது எங்கே என்று கேட்கவில்லை. சாப்பாட்டுப் பொதியை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். படகை அவிழ்க்கும்போது கழுத்தில் ஒரு றிங். பாமா வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டா.

இரண்டு மணித்தியாலம் ஓடினார்கள். ஏரி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தது. மேற்கே மலைக்குக் கீழே மூன்று படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு படகில் ஆள் எழும்பிப் பட்ட மீனைக் கைவலையால் அள்ளுவது தெரிந்தது. சிறிது நேரத்தில் இன்னொரு படகிலும் எழும்பினார்கள்.

"அங்கை திருப்பு" என்றார் யோகலிங்கம்.

"அண்ணை, அங்கை போன் எடாது எல்லே?"

"ஒருக்கால் போட்டு வருவம். ஒண்டரை வருசமாய் எடாத ஆஸ்பத்திரி இப்ப அரை மணித்தியாலத்துக்குள்ளை எடுக்கப்போகுதே? திருப்படா."

பாலேந்திரன் திருப்பினான். மலைக்குக் கீழே தண்ணீர் கறுப்பாக இருந்தது. நாற்பது நிமிடம் ஓடியும் ஒன்றும் படவில்லை. வளைந்து திரும்புவதற்காக வெளியே வெயிலுக்கு வந்தபோது யோகலிங்கம் பையைத் தூக்கித் தொலைபேசியைப் பார்த்தார். அலைக்கோடு மூன்று நிமிர்ந்து நின்றது. ஒரு செய்தியும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு தரம் அடித்து நின்றது. திரையில் 'பாமா' என்று விழுந்தது. மணி பதினொன்று பத்து.

"தேத்தண்ணி குடிக்கிறா" என்று சிரித்துவிட்டு, "இன்னொரு சுற்று" என்றார்.

அந்தச் சுற்றில்தான் மீன் பட்டது. இடப்பக்கத்துப் பலகை ஒன்று சடாரென்று பின்னுக்கு இழுபட்டுத் தண்ணீருக்குள் போனது. கோல் வில்லாக வளைந்தது. யோகலிங்கம் வலது கையால் கோலைப் பிடித்துத் தொடையில் ஊன்றிக்கொண்டார். இடது கையில் வண்டு இரைகிற இரைச்சல் தோள்வரை ஏறியது. "சுற்றடா, சுற்று! எஞ்சினை நிப்பாட்டாதை!" பாலேந்திரன் ஒரு காலால் சுக்கானை உதைத்துப் பிடித்தபடி, இரண்டு கையாலும் கோலின் சக்கரத்தைச் சுற்றினான், வாயில் எல்லாத் தெய்வத்தின் பெயரும் வந்தது. இருபத்தைந்து நிமிடம். வலைக்குள் வந்து விழுந்தபோது அது ஒரு சின்னப் பிள்ளை அளவு இருந்தது, வெள்ளி உடம்பில் கறுப்புப் புள்ளி. தராசு ஆறு கிலோ நூறு என்று காட்டியது. யோகலிங்கம் படகின் அடித்தட்டில் குந்தி, மீனின் பக்கத்தில், முதல் தடவையாக ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தார். எவ்வளவு சந்தோசம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

வெளியே வந்தபோது மணி ஒன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. தொலைபேசி தொடர்ந்து நடுங்கத் தொடங்கியது. ஒரு செய்தி, இரண்டு, ஏழு, பதினொன்று. சத்தியபாமா, சத்தியபாமா, கஜேந்தினி, மறுபடி சத்தியபாமா. பாலேந்திரனின் சட்டைப் பையிலும் அதே நடுக்கம்.

'கிட்னி வந்திருக்காம். உடனை எடுங்கோ.'

ஆஸ்பத்திரிக்கு எடுத்தார். விரல் மூன்று தரம் இலக்கத்தைப் பிழையாக அமுக்கியது. மறுமுனையில் வைத்தியர் மென்மையாகத்தான் பேசினார். முதலில் உங்களுக்கு எடுத்தோம், கிடைக்கவில்லை. உடனே மனைவிக்கு எடுத்தோம், அவரும் முயன்றார். ஒரு மணித்தியாலம் பார்த்தோம். அடுத்தவரை அழைத்துவிட்டோம், அவர் வந்துகொண்டிருக்கிறார். உங்கள் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும். யோகலிங்கம் "நன்றி" என்றார். எதற்கு நன்றி சொன்னார் என்று அவருக்குத் தெரியவில்லை.

காரில் பாலேந்திரன் அழுதான். "நான் திருப்பியிருக்கக்கூடாது அண்ணை." யோகலிங்கம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் மனம் அந்த ஒரு றிங்கையே சுற்றிச் சுற்றி வந்தது. பதினொன்று பத்து. அலைக்கோடு மூன்று இருந்தது. மலை மறைத்துத் தொடர்பு அறுந்திருந்தால் மணி பாதியில் அறுந்திருக்கும். இது அறவில்லை. முழுதாக ஒரு தரம் அடித்து, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. இருபது வருடம் கேட்ட நீளம். அதை வெட்டியது பாமாவின் விரல்.

வீட்டுக்கு வந்தபோது சத்தியபாமா வேலை உடுப்போடு வாசலில் நின்றார். தலைத்துணிகூடக் கழற்றவில்லை. "பதினொண்டு பத்துக்கு எடுத்தனான், லைன் கட்டாயிட்டுது. பிறகு கிடைக்கவேயில்லை" என்றார், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"ஓம், அங்கை அப்பிடித்தான்" என்றார் யோகலிங்கம்.

மீனை வெட்டாமல், துணியில் சுற்றி, உறைபெட்டிக்குள் வைத்தார்கள்.

திங்கட்கிழமை பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. அந்த அறையில் வெறுமையான கதிரைக்கு இரண்டு அர்த்தம்தான் உண்டு. ஒன்று எல்லோரும் பயப்படுகிற அர்த்தம். யோகலிங்கம் தாதியின் கையைப் பிடித்து, "உயிரோடு இருக்கிறானா?" என்று கேட்டார். அவள் எதுவும் சொல்லக்கூடாதவள். ஆனால் முகம் மலர்ந்து, "அவருக்கு நல்லாயிருக்கிறது" என்றாள். ஊசி ஏறியது. இரத்தம் குழாயில் சிவப்பாக ஓடத் தொடங்கியது. ஒரே இரத்த வகை. சனிக்கிழமை. வீட்டைவிட்டு எங்கும் போகாதவன், தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறவன். அவனுடைய படகில், அவன் போகவேண்டாம் என்ற இடத்தில் நின்றது யார்? யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். யோகலிங்கத்துக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த நாலு மணித்தியாலமும் தூர்ஸ்தைனை அவர் வெறுத்தார். நன்றாக, வாய்விட்டுச் சொல்லக்கூடிய அளவுக்கு வெறுத்தார்.

பிறகு வந்த நாட்களில் அவர் கால் வீட்டில் தங்கவில்லை. மோர்டென்ஸ்ருட்டில் நிலக்கீழ் ரயில் ஏறினால் மறு அந்தம்வரை போவார், இறங்காமல் திரும்பி வருவார், மறுபடி ஏறுவார். கேட்டுவிடலாமா? "நீர்தானே கட் பண்ணினனீர்" என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வரும். கதவைத் திறந்தால் சத்தியபாமா குனிந்து சோற்றுக் கஞ்சி வடித்துக்கொண்டிருப்பார், தோள் ஒடுங்கியிருக்கும். ஒரு கிழமையில் அவர் முகம் பாதியாகிவிட்டிருந்தது. வேலைக்குப் போனால் இப்போது றிங்கும் வருவதில்லை. யோகலிங்கத்திடம் கோபம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் கோபத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம், மலைக்குக் கீழே திருப்பச் சொன்னவனும், அடித்த மணியைப் பார்த்துச் சிரித்தவனும் யார் என்ற கேள்வி கூடவே வந்தது. தூண்டிலைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் இழுத்துப் பார்த்த மனிதர், இந்த ஒன்றை மட்டும் தொடாமல் விட்டார். எப்படி முடிந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

ஜூன் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் தூர்ஸ்தைன் எடுத்தான். சத்தியபாமா சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். யோகலிங்கம் வழமைபோலத் தொலைபேசியும் கையுமாக அறைக்கும் நடைக்கும் நடந்தார். தூர்ஸ்தைனின் குரல் மாறியிருந்தது. படி ஏறிவிட்டு வந்தவன்போல அல்ல, ஏறப்போகிறவன்போல இருந்தது.

"எனக்குக் கிடைத்துவிட்டது, தெரியும்தானே? நேற்று ஒரு லீற்றர் தண்ணீர் குடித்தேன். ஒரு முழு லீற்றர்! ஒருவரும் தடுக்கவில்லை." சிரித்தான். "சரி, உன் கதை சொல். படகை எடுத்தாயா?"

"எடுத்தேன்."

"மீன்?"

"ஆறு கிலோ நூறு."

மறுமுனையில் தூர்ஸ்தைன் போட்ட சத்தம் சமையலறைவரை கேட்டது. எந்தத் தகடு, எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் இழுத்தது என்று கேட்டுக்கொண்டே போனான். யோகலிங்கம் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"எந்த இடத்தில்?"

"மலைக்குக் கீழே."

தூர்ஸ்தைனும் முட்டாள் அல்ல. ஒரே இரத்த வகை, ஒரே வரிசை, தனக்கு அழைப்பு வந்த நாள் எல்லாம் அவனுக்கும் தெரியும்.

"எந்த நாள்?" என்று மெதுவாகக் கேட்டான்.

யோகலிங்கம் நடையின் நடுவில் நின்றார். சமையலறையில் கத்தியின் சத்தமும் நின்றது. உண்மையைச் சொன்னால் அவன் என்ன செய்வான்? உடம்புக்குள் வைத்துத் தைத்ததை எடுத்துத் திருப்பித் தர முடியுமா? இனி அவன் குடிக்கிற ஒவ்வொரு கோப்பைத் தண்ணீரிலும் இது கிடக்கும். அந்த லீற்றர் தண்ணீரை நினைத்தபோது யோகலிங்கத்துக்குத் தொண்டை வறண்டது. பொறாமைதான். இருந்தும் வாய் தானாகத் திறந்தது.

"ஞாயிற்றுக்கிழமை. இருபத்தோராம் திகதி."

"ஞாயிறா? நிச்சயமாக?"

"சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். சோபாவில்."

நீண்ட பெருமூச்சு ஒன்று லில்லெஸ்ட்ரோமிலிருந்து வந்தது. "அடுத்த வசந்தத்தில் இரண்டு பேரும் போவோம்" என்றான் தூர்ஸ்தைன். "அதற்குள் உனக்கும் அழைப்பு வந்துவிடும். மலைக்குக் கீழே நீ படகை ஓட்டு, நான் கோலைப் பிடிக்கிறேன்." "சரி" என்று சொல்லி யோகலிங்கம் வைத்தார்.

திரும்பியபோது சத்தியபாமா சமையலறைக் கதவில் நின்றார். வெங்காயமோ என்னவோ, கண்ணால் ஒழுகியது. நோர்வே மொழி அவருக்கும் நன்றாக விளங்கும்.

"நீங்கள் சோபாவிலை இருந்ததாய்ச் சொன்னால் ஆர் நம்புவினம்?" என்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டார். "இஞ்சேருங்கோ. லைன் கட்டாகேல்லை. நான்தான். அவங்கள் சொன்ன உடனை அடிச்சனான். ஒரு றிங் கேட்டுது. கை தன்பாட்டிலை அமுக்கிப்போட்டுது. நான் அமுக்கேல்லை, கை அமுக்கிப்போட்டுது. பிறகு எடுத்தால் நீங்கள் இல்லை."

"தெரியும்" என்றார் யோகலிங்கம்.

"என்னெண்டு தெரியும்?"

"உம்மடை றிங் எனக்குத் தெரியாதே?"

"அண்டைக்கேயோ?"

"அண்டைக்கே. காருக்குள்ளையே."

"அப்ப ஏன் கேக்கேல்லை? மூண்டரைக் கிழமை, ஒவ்வொரு நாளும் இண்டைக்குக் கேப்பார், இண்டைக்குக் கேப்பார் எண்டு..."

"உம்மடை கை அமுக்கினது ஒரு றிங்தான். பார்த்திட்டுச் சிரிச்சவன் நான். திருப்பி எடுத்திருந்தால் அரை நிமிசத்திலை முடிஞ்சிருக்கும். இருபது வருசத்திலை ஒருக்காலும் நான் திருப்பி எடுக்கேல்லை, பாமா."

அவர் போய்ச் சோபாவில் இருந்தார். சத்தியபாமா பக்கத்தில் வந்து இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து உறைபெட்டியைத் திறந்து, மீனை வெளியே எடுத்து, இளகுவதற்குக் கழுவும் தொட்டியில் வைத்தார்கள். பாலேந்திரனை மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லி யோகலிங்கமே எடுத்துச் சொன்னார்.

மறுநாள் புதன். காலை எட்டரைக்குக் கதிரையில் சாய்ந்து, இடது கையை நீட்டி, ஊசி ஏற்றியாயிற்று. பக்கத்துக் கதிரையில் இப்போது ஒரு புதிய பெண்மணி. அவர் முதல் கிழமைக்காரர், எழும்பப் பார்த்து ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பத்துக்கு இருபது நிமிடம் இருக்கையில் யோகலிங்கத்தின் கழுத்தில் தொலைபேசி அடித்தது. ஒரு றிங். அவர் திரையைப் பார்த்தார். 'பாமா.' இரண்டாவது றிங் அடித்தது. மூன்றாவதும் அடித்தது. வலது கை பையைப் பிரிக்கத் தெரியாமல் தடுமாறியது. ஐந்தாவதில் எடுத்துவிட்டார்.

"ஹலோ."

"நான்தான். வந்து சேர்ந்திட்டன்."

"ஓம்."

"ஊசி ஏத்தியாச்சோ?"

"ஏத்தியாச்சு."

லில்லெஸ்ட்ரோமில் பெரிய சட்டி ஒன்றை யாரோ இழுக்கும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது.

"சரி, அப்ப..." என்றார் சத்தியபாமா.

"வைக்காதையும்" என்றார் யோகலிங்கம். "கொஞ்ச நேரம் வைக்காதையும்."